புல் ரெக்வஸ்ட்டும் கருப்பசாமியின் ஆடுகளும்

அடுத்தவர் எழுதிய கணினி நிரலைச் சரிபார்க்கிற தொழிலில் மிக ஆபத்தான வாக்கியம் ஒன்றுதான்: “பார்த்துட்டேன், சரியா இருக்கு.” இதே பிழைப்பில் இருக்கும் சக பாவப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியில், எட்டயபுரம் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் ஓர் உரக்கடை இருக்கிறது. அதன் மாடியில் எங்கள் அலுவலகம். மின்விசிறி இரண்டு, கணினி மூன்று, ஆள் நான் ஒருத்தி. விதைப்புக்கு முன்னால் கரிசல் காட்டில் ஆட்டு மந்தையை ராத்தங்க விட்டால் புழுக்கை அத்தனையும் மண்ணுக்கு உரம். அதைத்தான் கிடை போடுவது என்கிறோம். எந்த மந்தை எந்தத் தேதியில் யார் காட்டில் என்பதைப் பேசி முடிக்க ஆடு வைத்திருப்பவர்களும் விவசாயிகளும் முன்பெல்லாம் போனிலேயே தொண்டை வறண்டு போவார்கள். இப்போது அதற்கு ஒரு செயலி. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கீழே மூட்டை மூட்டையாக உரம் விற்கிறார்கள், மேலே நான் ஆட்டுப் புழுக்கைக்குத் தேதி குறிக்கிறேன்.

செயலியின் நிரல் பூட்டி வைத்ததல்ல. யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துத் திருத்தலாம். திருத்தியதை “இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பலாம். அனுப்புகிற அந்த விண்ணப்பத்துக்குப் பெயர் புல் ரெக்வஸ்ட். நான் அதைச் சரிபார்த்து, நல்லதென்றால் சேர்ப்பேன். இல்லையென்றால் ஏன் இல்லை என்று மரியாதையாக எழுதுவேன். மரியாதை பிறகு கற்றுக்கொண்டது.

ஒன்று, பத்து, பதினொன்று

முதல் திருத்தம் கயத்தாறில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் ஜெபராஜ் சாரிடமிருந்து வந்தது. கிடைத் தேதிகளை வரிசைப்படுத்த இரண்டே வரி. எழுத்து அவ்வளவு சுத்தம். திரையிலேயே வாசித்தேன், ரசித்தேன், “அருமை சார்” என்று எழுதிச் சேர்த்தும் விட்டேன். ஓட்டிப் பார்க்கவில்லை. இரண்டு வரியில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

மறுநாள் காலையில் போன் வந்தது. பேசியவர் கருப்பசாமி அண்ணாச்சி, மணியாச்சிப் பக்கம் நூற்றெண்பது ஆடு வைத்திருப்பவர். அவருடைய பட்டியலில் ஒன்றாம் தேதிக்கு அடுத்துப் பத்தாம் தேதி நிற்கிறது. அதற்கடுத்துப் பதினொன்று, பன்னிரண்டு. இரண்டாம் தேதி எங்கேயோ அடியில் கிடக்கிறது. நிரல் தேதியை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாக எடுத்து, முதல் எழுத்தைப் பார்த்தே அடுக்கிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டு, காரணத்தை விளக்கத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அதெல்லாம் இருக்கட்டும் தாயி. நான் பள்ளிக்கூடம் போகாதவன். எனக்கே ஒண்ணுக்கப்புறம் ரெண்டுதான்.”

அன்றிலிருந்து ஒரு விரதம். யார் என்ன அனுப்பினாலும், அது ஒரு கமா என்றாலும், என் கணினிக்குள் தனிக் கிளையாக, அதாவது மூல நிரலைத் தொடாத தனி நகலாக இறக்கி, ஓட்டிப் பார்த்து, நாலு பொத்தானை அமுக்கிப் பார்க்காமல் சேர்ப்பதில்லை.

இருபத்துமூன்று குற்றம்

அந்த வாரமே முத்துச்செல்வி என்ற பெயரில் ஒரு திருத்தம் வந்தது. தேதி வரிசையைச் சரிசெய்து, இன்றைய கிடையை எல்லாவற்றுக்கும் மேலே காட்டுகிற மாதிரி எழுதியிருந்தாள். சூடுபட்ட பூனையாக இருந்த நான் வரிவரியாகப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பெயர் நீளம், அந்தப் பெயர் குட்டை, இங்கே இடைவெளி, அங்கே ஏன் இது... மொத்தம் இருபத்துமூன்று குறிப்பு. எழுதி முடித்ததும், இன்று நன்றாக உழைத்தோம் என்று டீ வேறு குடித்தேன்.

அதன்பின் அவளிடமிருந்து சத்தமே இல்லை. பன்னிரண்டாம் நாள் மாடிப்படியில் செருப்புச் சத்தம். தலைப்பாகையும் தோளில் துண்டுமாக ஒரு மனிதர், பின்னால் கல்லூரிப் பையோடு ஒரு பெண். “நான் கருப்பசாமி, போன்ல பேசுனேன்லா. இவ என் மக முத்துச்செல்வி. இஞ்சினியரிங் கடைசி வருசம். ரெண்டு வாரமாச் சரியாச் சாப்பிட மாட்டேங்கா. கேட்டா, நீங்க இருவத்திமூணு குத்தம் கண்டுபிடிச்சிட்டியளாம்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. அந்தப் பெண் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரையும் உட்கார வைத்து, அவள் கிளையை என் கணினியில் இறக்கி அவர்கள் கண்முன்னால் ஓட்டினேன். விரதம் எடுத்தவள் அதை முதலிலேயே ஓட்டியிருக்க வேண்டும். குற்றம் கண்டுபிடிக்கிற அவசரத்தில் மறந்திருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று தேதிகள் ஒழுங்காக வந்து நின்றன. இன்றைய கிடை பச்சை எழுத்தில் உச்சியில். என் இருபத்துமூன்றில் மூன்றுதான் உண்மையான பிழை, மிச்சமெல்லாம் என் ருசி. அதை வாய்விட்டே சொன்னேன். அந்த மூன்றையும் அவள் பத்து நிமிடத்தில் திருத்தினாள். சேர்க்கிற பொத்தானை அமுக்கச் சொல்லி அவள் கையிலேயே கொடுத்தேன். சிரித்தாள். தெற்றுப்பல் தெரிய, முழுசாக.

“ரொம்ப நாள் கழிச்சு ஒரு நல்ல புல் ரெக்வஸ்ட்டும்மா” என்றேன். அவளுடைய அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“புல்லு கேட்டு எழுதுனதுக்கா இம்புட்டுப் பேச்சு? எங்கிட்டக் கேட்டா எங்கன கெடக்குன்னு நான் காட்டிருப்பேம்லா!”

ஒரு புள்ளி

ஜெபராஜ் சார் அடுத்து அனுப்பியதைத் திறந்தேன். மாறியிருக்கும் வரிகள் மூவாயிரத்துச் சொச்சம். என்ன செய்தீர்கள் என்று எழுதிக் கேட்டால், “ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, வைத்தேன்” என்று பதில்.

சரி என்று கிளையை இறக்கினேன். வெறும் இடைவெளி மாற்றங்களைக் காட்டாதே என்று கிட்டிடம் சொன்னேன். யார் எப்போது எந்த வரியை மாற்றினார்கள் என்று கணக்காக ஞாபகம் வைத்திருக்கும் மென்பொருள்தான் கிட். எங்கள் தொழிலே அதன் மேல்தான் ஓடுகிறது. மூவாயிரமும் மறைந்து ஒரே ஒரு வரி நின்றது. அதில் ஒரு புள்ளி. “ஊர்” என்பது அதுவரை “ஊர” என்று இருந்திருக்கிறது. ஆறு மாதமாக நான் பார்க்காதது. மற்றதெல்லாம் சார் ஒவ்வொரு வரியையும் இடப்பக்கம் ஒரே சீராக நகர்த்தி வைத்த அழகு.

போன் போட்டு, “சார், புள்ளிய மட்டும் அனுப்பக் கூடாதா?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் குரல் தாழ்ந்து வந்தது:

“யெம்மா, மார்ஜின் இல்லாத நோட்டை நான் இருவது வருசமாத் திருத்துனதில்ல. கை விடமாட்டேங்கு.”

வாசலில் நூற்றெண்பது

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தப்பு என்னுடையது என்பதால் எழுதுகிறேன்.

முத்துச்செல்வி குறுஞ்செய்தி அனுப்புகிற பகுதியைப் புதிதாக எழுதியிருந்தாள். விவசாயி கிடை கேட்டால், மந்தைக்காரருக்கு உடனே செய்தி போகும். அதைச் சோதிக்கும்போது என் கணினியிலிருந்து நிஜமாகச் செய்தி போய்விடக் கூடாது என்று ஒரு பூட்டுப் போட்டு வைத்திருந்தேன். அவள் எழுதிய புதிய பகுதியில் அந்தப் பூட்டுக்கு வேறு பெயர். பழைய பெயரில் பூட்டிக்கொண்டு நான் நிம்மதியாக இருந்தேன், புதிய கதவு திறந்து கிடந்தது. மாதிரி மந்தைக்கு அவள் தன் அப்பா நம்பரையே கொடுத்திருந்தாள். மாதிரி விவசாயிக்கு நான் என்ன பெயர் போட? கீழே உரக்கடை வைத்திருக்கும் செல்லத்துரை அண்ணாச்சி பெயரைப் போட்டேன். இடம்: உரக்கடைக்குப் பின்னால் உள்ள காடு. நாள்: நாளை. பொத்தானை அமுக்கினேன். “அனுப்பப்பட்டது” என்று வந்தது. என்ன தத்ரூபம் என்று வியந்தேன்.

மறுநாள் பத்து மணிக்குக் கீழே ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் ரோட்டோரம் முழுக்க ஆடு. மினிபஸ் ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்து நிற்கிறது. உரக்கடைப் படியில் இரண்டு கிடாய்கள் ஏறி நின்று யூரியா மூட்டையை முகர்ந்து பார்க்கின்றன. கருப்பசாமி அண்ணாச்சி கம்பை ஊன்றிக்கொண்டு, “காடு எங்கன இருக்கு அண்ணாச்சி? நேத்து ராத்திரியே கெளம்பிட்டோம்” என்று கேட்கிறார். செல்லத்துரை அண்ணாச்சி கிடாய்களை மூட்டையிலிருந்து விலக்கிக்கொண்டிருக்கிறார். நான் படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததைச் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. அத்தனை ஆட்டையும் ஓட்டிக்கொண்டு அவர் வந்த தூரம் எனக்குத் தெரியும். வேறொரு காட்டுக்காரருக்கு “நாளைக்கு முடியாது” என்று அவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கருப்பசாமி அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. “உரக்கடைக்காரரே ஆட்டுரம் கேக்காரேன்னு நேத்தே எனக்கு ஒரு சந்தேகந்தான். பெரிய மனுசர், ஏதாவது காரணம் இருக்கும்னு வந்துட்டேன்” என்றார். செல்லத்துரை அண்ணாச்சி சற்று நேரம் ஆடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைக்குப் பின்னால் தன் இரண்டு ஏக்கர் தரிசைப் பார்த்தார். “வந்தது வந்தாச்சு. அடைங்க” என்றார். அன்று மதியம் எல்லோருக்கும் அவர் வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. மூன்று நாள் கிடை கிடந்தது. அந்த வருடம் அந்த இரண்டு ஏக்கரில் உளுந்து போட்டார். செடி இடுப்புக்கு வந்தது என்று அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் நல்ல விளைச்சல்தான். பறித்த உளுந்தில் ஒரு படி எனக்கும் மேலே கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, படியிறங்கும் முன் திரும்பினார்:

“தங்கச்சி, எதுனால இப்படி விளைஞ்சிச்சுன்னு என் கடைக்கு வாறவங்ககிட்ட மட்டும் சொல்லிராத.”

பையைப் பார்

எங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. என் சொந்த வேலை பாதியில் இருக்கும்போது வேறொருவர் கிளையைப் பார்க்க வேண்டுமென்றால், என் அரைகுறையை ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லலாம். கிட் வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு கேட்டால் திருப்பித் தரும். ஒருநாள் திருப்பிக் கொடு என்பதற்குப் பதிலாகத் தூக்கிப் போடு என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் வேலை. கண்ணிமைப்பதற்குள் இல்லை. இது உங்களுக்கும் நடந்திருக்கும்.

என்ன செய்வதென்று தெரியாமல் ஜெபராஜ் சாரைக் கூப்பிட்டேன். மதிய இடைவேளை. பின்னால் பிள்ளைகள் தட்டைக் கழுவுகிற சத்தம். “பதட்டப்படாத. மெசினை அணைக்காத. நான் சொல்லுததை மட்டும் அடி” என்றார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். குப்பை என்று ஒதுக்கியதைக் கிட் உடனே எரித்துவிடாதாம், கொஞ்ச நாள் மூலையில் வைத்திருக்குமாம். அந்த மூலையிலிருந்து பெயரில்லாத துண்டுகள் பதினேழு வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தோம். பதினான்காவது என்னுடையது. நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தது அவருக்குப் போனில் கேட்டிருக்கிறது.

“சார், எப்படி சார் உங்களுக்கு இதெல்லாம் தெரியும்?” என்றேன். மணி அடிக்கிற சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது:

“நோட்டைத் தொலைச்சிட்டேன் சார்னு தெனமும் ஒருத்தன் அழுதுட்டு வருவாம்மா. பைய கொட்டிப் பாருலேம்பேன். பாதி நாளு அங்கனதான் கெடக்கும்.”

ஒரே வரி, இரண்டு பேர்

ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றி அனுப்பினால் கிட் கையை விரித்துவிடும். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நடுவில் அம்புக்குறிகளைப் போட்டு, நீயே தீர்த்துவை என்று நம்மிடம் தள்ளிவிடும்.

கடம்பூர் பக்கம் ராமசுப்பு என்ற இளைஞர். வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை, காலையிலும் சாயந்திரமும் அப்பாவோடு விவசாயம். அவர் ஒரு வரியை மாற்றியிருந்தார்: மழை பெய்தால் விவசாயி கிடையை ரத்து செய்யலாம். அதே நாளில் முத்துச்செல்வி அதே வரியை மாற்றியிருந்தாள்: மந்தை கிளம்பிவிட்டால் யாரும் ரத்து செய்ய முடியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. எழுத்திலேயே முட்டிக்கொண்டார்கள். “மழை விழுந்தா விதைப்புக்கு ரெண்டே நாள்தான் ஈரம், காடு யாருக்கும் காத்திருக்காது” என்று அவர். “ஆட்டுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது” என்று இவள். மூன்றாம் நாள் ராமசுப்பு, தன் ஊர் விவசாயிகள் யாரும் இனி இந்தச் செயலியைத் தொடமாட்டார்கள் என்று எழுதினார். மந்தைக்காரர்களும் தொடமாட்டார்கள் என்று இவள் எழுதினாள். ஆவணி பாதி ஆகிவிட்டது, விதைப்பு நெருங்குகிறது. இரு பக்கமும் போய்விட்டால் என்னிடம் மிச்சம் இரண்டு மின்விசிறி.

இரண்டு கிளையையும் என் கணினியில் இறக்கி ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் பிழையில்லாமல் ஓடின. அதுதான் கஷ்டம். இரண்டு பேரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். ராமசுப்பு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தாலும், கையில் ஒரு பொட்டலம் கடம்பூர் போளி இருந்தது. கோபத்திலும் வெறுங்கையோடு வரத் தெரியாத ஊர். பக்கத்துப் பக்கத்துக் கணினியில் உட்கார வைத்து, அவரவர் நிரலை அவரவரையே ஓட்டச் சொன்னேன். ஆனால் இந்தமுறை ராமசுப்பு மந்தைக்காரராக, முத்துச்செல்வி விவசாயியாக.

ராமசுப்பு மணியாச்சியிலிருந்து முந்நூறு மாதிரி ஆட்டோடு கிளம்பினார். பாதி வழியில் திரையில், “கிடை ரத்து” என்று வந்தது. “இப்ப நான் எங்க போறது?” என்றார் தன்னையறியாமல். அவர் எழுதிய நிரலில் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பக்கம் முத்துச்செல்வி காட்டில் மழை பெய்திருந்தது. கரிசல் மண்ணில் ஈரம் நிற்கிறது, விதை தயார், டிராக்டர் தயார், காட்டுக்குள்ளே ஆடு. ரத்து செய்கிற பொத்தானையே அவள்தான் எடுத்துவிட்டிருந்தாள். திரையை மேலும் கீழும் தேடினாள். “ஒரு வருச வெள்ளாமை போயிருமே” என்றாள் மெதுவாக.

பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவரும் ஒரே திரையில் குனிந்தார்கள். மழை பெய்தால் விவசாயி கிடையைத் தள்ளி வைக்கலாம், ஆனால் வழியில் இருக்கும் மந்தைக்குத் தங்க வேறு தரிசு காட்டினால்தான் பொத்தான் வேலை செய்யும் என்று முடிவானது. ஒரு வரிச் சண்டை பதினொரு வரி நிரலாயிற்று. நான் இறக்கி ஓட்டிப் பார்த்து, குற்றம் எதுவும் கிடைக்காமல், போளியை முடித்தேன்.

ஆவணி கடைசியில் கடம்பூர் பக்கம் ஒரு நல்ல மழை. ராமசுப்பு காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது கருப்பசாமி அண்ணாச்சியின் மந்தைதான். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயந்திரம் ராமசுப்பு கூப்பிட்டார். செயலி தரிசு கேட்டிருக்கிறது. கண்மாய்க்கரை ஓரத்தில் சித்தப்பாவின் நிலத்தைக் காட்டியிருக்கிறார். ஆடுகள் அங்கே போய்விட்டன, மறுநாள் காலை இங்கே விதைப்பு. குரலில் மழை ஈரம் இருந்தது. சேர்க்கப்பட்ட ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே எழுதியவர் பெயர் நிற்கும். அந்தப் பதினொரு வரி ராமசுப்பு கணக்கிலிருந்து வந்ததால் அவர் பெயர் மட்டும் இருந்தது. அதைப் பற்றித்தான் பேச்சு.

“அக்கா, அதுல ரெண்டு பேர் பேரும் வரணும். அந்தப் பிள்ளை பேரை முன்னால போடுங்க.”

ஆக, பிறர் வேலையில் குற்றம் பார்ப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டும் நாலு ஊரில் நம்மை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்றால், மாமியார்களுக்கு வாய்க்காத பாக்கியம் நமக்கு வாய்த்திருக்கிறது.